கார்டுக்கு அஞ்சு ரூபா எக்ஸ்ட்ரா

மறைமலைநகரில் நான் வழக்கமாக மருந்து வாங்கும் கடையில், கல்லாவுக்கு மேலே ஒரு அட்டை தொங்கிக்கொண்டிருந்தது. ஏதோ ஒரு காலண்டரின் பின்பக்கத்தை வெட்டி நீல ஸ்கெட்ச் பேனாவில் எழுதியது. மூன்றே வரி.

கார்டு: 300-க்குக் கீழ் 5 ரூபாய் எக்ஸ்ட்ரா.
300-க்கு மேல் 2% எக்ஸ்ட்ரா.
ஜிபே, கேஷ் ஃப்ரீ.

இந்த மாதிரி அட்டையை நீங்களும் பார்த்திருப்பீர்கள். மருந்துக் கடையில் இல்லையென்றால் செல்போன் கடையில், நகைக் கடையில், துணிக் கடையில். நாம் யாரும் அதை ஒரு பிரதியாக எடுத்து வாசிப்பதில்லை. அஞ்சு ரூபாய்தானே என்று கொடுத்துவிட்டு வருவோம், அல்லது முணுமுணுத்துவிட்டு போனை எடுப்போம். நான் ஒரு நாள் உட்கார்ந்து வாசித்தேன். வாசித்ததோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தாததால் என்ன ஆனது என்பதையும் சேர்த்துத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் அந்த அஞ்சு ரூபாயின் கணக்கு.

அன்று என் பில் 142 ரூபாய். பிரஷர் மாத்திரை, ஒரு பட்டை. போனில் சார்ஜ் இல்லை, கார்டை நீட்டினேன். 147 எடுத்தார். 142-க்கு 5 என்றால் மூன்றரை சதவீதம். நம்முடைய கார்டை ஒரு கடையில் தேய்த்தால், கடைக்காரரின் வங்கி அந்தத் தொகையில் ஒரு சிறு பங்கைப் பிடித்துக்கொண்டு மீதியைத்தான் அவர் கணக்கில் போடும். அந்தப் பங்குக்கு எம்.டி.ஆர். என்று பெயர். வணிகர் தள்ளுபடி விகிதம் என்று தமிழில் சொல்லலாம். அதிலிருந்து ஒரு பகுதி கார்டு கொடுத்த வங்கிக்குப் போகும், ஒரு பகுதி கார்டு வலையமைப்புக்கு, மீதி மெஷின் கொடுத்த வங்கிக்கு.

டெபிட் கார்டுக்கு இந்த விகிதத்துக்கு ரிசர்வ் வங்கி உச்சவரம்பு வைத்திருக்கிறது. 2018 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ள விதிப்படி, ஆண்டு விற்றுமுதல் 20 லட்சம் வரை உள்ள சிறு கடைக்கு 0.40 சதவீதத்துக்கு மேல் பிடிக்கக் கூடாது. அதற்கு மேலே உள்ள கடைக்கு 0.90. என் 142 ரூபாய்க்கு இது சிறு கடை என்றால் 57 காசு. பெரிய கடை என்றே வைத்துக்கொண்டாலும் 1 ரூபாய் 28 காசு. நான் நீட்டியது டெபிட் கார்டுதான். அப்படியென்றால் மீதி யாருக்கு?

"இதுல ஜி.எஸ்.டி. வேற போடுறாங்க தம்பி" என்றார் கடைக்காரர். அதுவும் முழுக்கச் சரியில்லை. ஒரே பரிவர்த்தனையில் 2,000 ரூபாய் வரை கார்டில் வாங்கினால், வங்கி அதற்காகச் செய்யும் சேவைக்கு வரிவிலக்கு உண்டு. 2016 டிசம்பரில் சேவை வரி காலத்திலேயே கொடுத்தது, ஜி.எஸ்.டி. வந்த பிறகும் தொடர்ந்தது. சின்ன பில்களுக்கு அந்த வாதம் செல்லாது.

இதுவரை படித்தால் கடைக்காரர் ஏமாற்றுகிறார் என்றுதான் தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அந்த சூட்டோடு ஆவணங்களைத் தேட ஆரம்பித்தேன்.

தேடினால் ஒரு நீண்ட வரிசை கிடைக்கிறது. 2012-இல் ரிசர்வ் வங்கி முதன்முதலாக டெபிட் கார்டுக்கு வரம்பு வைக்கிறது: 2,000 ரூபாய் வரை 0.75 சதவீதம், அதற்கு மேல் 1 சதவீதம். 2013 செப்டம்பரில் இன்னொரு சுற்றறிக்கை. பெரும்பாலும் வட்டியில்லாத் தவணை என்ற விளம்பரங்களைக் கண்டித்து எழுதியது அது. அதன் கடைசிப் பகுதியில் நமக்கு வேண்டிய விஷயம் இருக்கிறது. டெபிட் கார்டில் வாங்குபவரிடம் கடைக்காரர் சதவீதக் கணக்கில் கட்டணம் வசூலிப்பது நியாயமும் இல்லை, வங்கிக்கும் கடைக்கும் உள்ள ஒப்பந்தப்படி அனுமதியும் இல்லை. அப்படிச் செய்யும் கடையுடன் வங்கி தன் உறவையே முறித்துக்கொள்ள வேண்டிய விஷயம் அது என்கிறது.

பிறகு 2016 நவம்பர் 8. 500, 1,000 ரூபாய் நோட்டுகள் போயின. அதற்கு ஐந்து வாரம் கழித்து, டிசம்பர் 12 அன்று வர்தா புயல் நம் பக்கம் கரையைக் கடந்தது. அந்த வாரத்தை இந்தப் பகுதிக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கையில் நோட்டு இல்லை. கார்டு இருக்கிறது, கரண்ட் இல்லை, டவர் இல்லை. காசில்லாப் பொருளாதாரம் என்பது கரண்டும் டவரும் இருக்கும்வரைதான் என்று செங்கல்பட்டு வட்டாரம் அன்றே படித்துக்கொண்டது.

2017 ஜனவரியில் சின்ன தொகைகளுக்கு எம்.டி.ஆர். இன்னும் குறைக்கப்பட்டது: 1,000 வரை 0.25, 2,000 வரை 0.50. அதே மாதம் பெட்ரோல் பங்க் உரிமையாளர்கள், தங்களிடம் 1 சதவீதம் பிடிக்கப் போவதாகச் சில வங்கிகள் சொன்னதும், கார்டே வாங்க மாட்டோம் என்று அறிவித்தார்கள். இரண்டே நாளில் அரசு தலையிட்டது. வாடிக்கையாளரும் கொடுக்க வேண்டாம், டீலரும் கொடுக்க வேண்டாம் என்று முடிவானது. சங்கம் பலமாக இருந்ததால் பேச முடிந்தது. மருந்துக் கடைக்காரர் தனி ஆள்.

2017 டிசம்பரில் வந்த அறிக்கைதான் நான் மேலே சொன்ன 0.40 கணக்கு. டெபிட் கார்டு கட்டணத்தைக் கடைக்காரர் வாடிக்கையாளர் தலையில் கட்டாமல் வங்கிகள் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. 2018, 2019 இரண்டு வருடமும் 2,000 ரூபாய் வரையிலான டெபிட் கார்டு எம்.டி.ஆரை மத்திய அரசே வங்கிகளுக்குக் கொடுத்தது. 2020 ஜனவரி 1 முதல் ரூபே டெபிட் கார்டுக்கும் யு.பி.ஐ.க்கும் எம்.டி.ஆர். பூஜ்யம். இதற்காகவே 2007-ஆம் வருடத்துப் பணப்பட்டுவாடா சட்டத்தில் 10ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். நேரடியாகவோ மறைமுகமாகவோ எந்த வங்கியும் கட்டணம் வாங்கக் கூடாது என்பது அதன் சாரம்.

இந்த ஆவணங்களை வரிசையாக வைத்துப் படித்தால் ஒரு விஷயம் கண்ணில் படும். அத்தனையும் வங்கியோடு பேசுகின்றன. வங்கி கடைக்காரரைப் பார்த்துக்கொள்ள வேண்டும், கடைக்காரர் என்னைப் பார்த்துக்கொள்ள வேண்டும். நானும் கடைக்காரரும் எதிரெதிரே நிற்கிறோம். எங்களோடு நேராகப் பேசும் ஒரு வரி எங்கேயும் இல்லை. எனக்கு அஞ்சு ரூபாய் பிரச்சனை என்றால் யாரிடம் போவது? ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளர் வங்கிகளைப் பற்றிய புகாரைத்தான் கேட்பார், கடையைப் பற்றி அல்ல. கடைக்கு மெஷின் கொடுத்த வங்கியிடம் சொல்ல வேண்டும். அது எந்த வங்கி? மெஷின் கக்கும் சிலிப்பின் தலையில் பெயர் இருக்கும். ரெண்டு மாதத்தில் வெளுத்துப் போகிற அந்தத் தாளை எத்தனை பேர் வாங்கி வைத்துக்கொள்கிறோம்?

இன்னொரு ஓட்டை: கூடுதல் கட்டணத்தைக் கண்டிக்கும் அந்த 2013 பகுதி டெபிட் கார்டைப் பற்றி மட்டும்தான். கிரெடிட் கார்டுக்கு ரிசர்வ் வங்கி உச்சவரம்பே வைக்கவில்லை. 2 சதவீதத்தை ஒட்டிப் போவது சகஜம். கடைக்காரரின் அட்டையில் "கார்டு" என்ற ஒரே சொல் இருக்கிறது. டெபிட்டா, கிரெடிட்டா, ரூபேயா என்ற பிரிவினை அதில் இல்லை. மூன்றுக்கும் செலவு வேறு வேறு. பூஜ்யம் செலவாகும் கார்டும் இரண்டு சதவீதம் செலவாகும் கார்டும் ஒரே அஞ்சு ரூபாய் கட்டுகின்றன. ஒரு விமர்சகனாக அந்த அட்டையில் நான் கண்ட முதல் குறை இதுதான்.

இரண்டாவது குறை இன்னும் பலமானது என்று நினைத்தேன். மருந்துப் பட்டையில் எம்.ஆர்.பி. அச்சடித்திருக்கிறது. மருந்து விலைக் கட்டுப்பாட்டு ஆணை, 2013, லேபிளில் உள்ள விலைக்கு மேல் எவரும் விற்கக் கூடாது என்கிறது. மற்ற பாக்கெட் பொருட்களுக்கு 2011-ஆம் வருடத்துப் பொட்டலப் பொருள் விதிகளும் அதையே சொல்கின்றன. குளிர்பானத்துக்குக் கூலிங் சார்ஜ் என்று இரண்டு ரூபாய் கூட்டி வாங்குவது, பால் பாக்கெட்டுக்கு ஒரு ரூபாய் கூட்டுவது எல்லாம் இந்த விதியில்தான் இடிக்கிறது. என் வாசிப்பில் கார்டு சார்ஜும் கூலிங் சார்ஜின் தம்பிதான். அச்சடித்த விலை 142. என்னிடமிருந்து போனது 147.

வேடிக்கை என்னவென்றால், அதே அட்டையைத் திருப்பி எழுதியிருந்தால் இந்தக் குறை இல்லை. பட்டையில் உள்ள விலைதான் கார்டுக்கு. கேஷ் என்றால் அஞ்சு ரூபாய் தள்ளுபடி. இப்படி எழுதினால் யாரும் எம்.ஆர்.பி.யைத் தாண்டவில்லை. பணக் கணக்கு ஒன்றுதான், வாக்கியம்தான் வேறு. பொருளியலாளர் ரிச்சர்ட் தேலர் 1980-இல் எழுதிய ஒரு கட்டுரையில் இதைத்தான் காட்டினார். அமெரிக்காவில் கார்டுக்கும் காசுக்கும் வேறு விலை வைக்கலாமா என்ற விவாதம் வந்தபோது, வைப்பதானால் அதைக் காசுக்குத் தள்ளுபடி என்று சொல்லுங்கள், கார்டுக்குக் கூடுதல் என்று சொல்லாதீர்கள் என்று கார்டு கம்பெனிகள் விரும்பினவாம். கையிலிருந்து போவது வலிக்கும், வராமல் போவது அவ்வளவு வலிக்காது. நம் கடைக்காரருக்கு இந்த நுணுக்கம் தெரியாது. மனசில் பட்டதை எழுதித் தொங்கவிட்டுவிட்டார். பெரிய நிறுவனங்களில் இதே தொகை "கன்வீனியன்ஸ் ஃபீ" என்ற பெயரில் பில்லின் கடைசி வரியில் வரும். நாம் கேள்வி கேட்காமல் கட்டுவோம். அந்த வகையில் பார்த்தால் காலண்டர் அட்டைக்கு ஒரு நேர்மை இருக்கிறது.

சரி, வாசித்தாயிற்று. அடுத்து நான் செய்தது: 2013, 2017 சுற்றறிக்கைகளை அச்செடுத்து, வேண்டிய பத்திகளை மஞ்சள் மையால் கோடிட்டு, கடைக்கு எடுத்துக்கொண்டு போனேன். சண்டை போடவில்லை. கூட்டமில்லாத நேரம் பார்த்து, "அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க, இதக் கொஞ்சம் பாருங்க" என்றேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். "சரி தம்பி, தப்புன்னா எடுத்துடுறேன்" என்றார். அவ்வளவுதான். வீட்டுக்கு வந்து எனக்கு ஒரு பெருமிதம். ஒரு குடிமகன், ஒரு சுற்றறிக்கை, ஒரு வெற்றி.

அடுத்த மாதம் போனேன். அட்டை இல்லை. மெஷினும் இல்லை. புது அட்டை ஒன்று இருந்தது: "கார்டு கிடையாது. ஜிபே, கேஷ் மட்டும்."

இதில் எந்தச் சட்டமும் மீறப்படவில்லை. மின்னணு முறையில் பணம் வாங்கியே ஆக வேண்டும் என்ற வருமான வரிச் சட்டப் பிரிவு ஆண்டுக்கு 50 கோடி ரூபாய்க்கு மேல் விற்றுமுதல் உள்ள நிறுவனங்களுக்குத்தான். தெருக்கோடி மருந்துக் கடைக்குக் கார்டு வாங்கும் கடமை எதுவும் இல்லை. கார்டுக்குக் கட்டணம் கட்டாத உரிமை எனக்கு உண்டு. கார்டில் கட்டும் உரிமை எனக்கு இல்லை. என் கோடிட்ட காகிதங்களில் இந்த ரெண்டாவது பாதி இல்லை.

எனக்கு இது பெரிய இழப்பில்லை. போனைச் சார்ஜ் போட்டுக்கொண்டு போனால் முடிந்தது. இழந்தது எங்கள் எதிர் வீட்டு அம்மா.

அவருக்கு எழுபத்து மூன்று வயது. கணவரின் குடும்ப ஓய்வூதியம் வங்கியில் விழுகிறது. பட்டன் போன் வைத்திருக்கிறார். கையில் ஒரு ரூபே கார்டு. மகன் ஊருக்குப் போகும்முன் பின் நம்பரை மனப்பாடம் பண்ண வைத்துவிட்டுப் போனார். சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாதம் ரெண்டு மூணு தடவையாகப் பிரித்து மருந்து வாங்குவார். மொத்தமாக வாங்கினால் டாக்டர் மாத்திரையை மாற்றும்போது வீணாகிவிடும் என்ற கணக்கு. அந்தக் கடையில்தான் கார்டைத் தேய்த்துக்கொண்டிருந்தார். நடந்து போகிற தூரம்.

இப்போது அவர் ஜி.எஸ்.டி. சாலைப் பக்கம் ஷேர் ஆட்டோவில் போய் ஏ.டி.எம்.மில் எடுத்து வர வேண்டும். ஆட்டோவுக்குப் போக வர ஆகும் செலவு அந்த அஞ்சு ரூபாயைவிட எவ்வளவோ அதிகம். சொந்த வங்கி ஏ.டி.எம்.மிலும் மாதம் ஐந்து முறைதான் இலவசம். அதற்கு மேல் 2025 மே முதல் தடவைக்கு 23 ரூபாய் வரை பிடிக்கலாம். அதனால் ஒரே தடவையாக எடுத்து வீட்டில் வைத்துக்கொள்கிறார். தனியாக இருக்கிற வீட்டில் அது அவருக்குப் பயம்.

"நான் ஜிபேல போட்டுடுறேன்மா, அப்புறம் குடுங்க" என்று சொல்லிப் பார்த்தேன். "வேணாம் தம்பி. என் மாத்திரைச் சீட்ட எத்தன பேருக்குக் காட்டறது" என்றார். எனக்குச் சுருக்கென்றது. கார்டு அவருக்குக் கொடுத்தது வசதி மட்டும் இல்லை. என்ன வாங்குகிறார், எவ்வளவுக்கு வாங்குகிறார் என்று இன்னொருவரிடம் சொல்லத் தேவையில்லாத ஒரு சுதந்திரம். பட்டன் போனிலும் பணம் அனுப்ப யு.பி.ஐ. 123பே என்று 2022-இல் ஒரு வழி வந்தது. உட்கார வைத்து விளக்கினேன். "இதெல்லாம் அமுக்கி ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிட்டா?" என்று போனை மூடி வைத்துவிட்டார். அவர் சொல்வதிலும் தப்பில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவர் கார்டு ரூபே. 2020-லிருந்து அதற்குக் கடைக்காரருக்கு எம்.டி.ஆர். ஒரு காசும் கிடையாது. அவரிடம் அஞ்சு ரூபாய் வாங்கியதற்கு எந்த நியாயமும் இல்லை என்பது என் பழைய வாதம். அந்த வாதத்தை இன்னொரு தடவை சரிபார்க்க, இந்த முறை காகிதம் எதுவும் எடுக்காமல், கடைக்காரரிடம் போய்க் கேட்டேன்: "ஏன்ணே மெஷினையே எடுத்துட்டீங்க?"

அவர் சொன்ன கணக்கு இது. மெஷினுக்கு மாத வாடகை 400 ரூபாய், வரியோடு 472. கார்டு பில் இப்போதெல்லாம் ஒரு நாளைக்கு மூணு வந்தால் அதிகம். மாதம் தொண்ணூறு பில். 472-ஐத் தொண்ணூறால் வகுத்தால் ஒரு பில்லுக்கு 5 ரூபாய் 24 காசு.

அந்த அஞ்சு ரூபாய் எங்கிருந்து வந்தது என்று அப்போதுதான் புரிந்தது. அது எம்.டி.ஆரே இல்லை, வாடகை. நான் 57 காசு, 1 ரூபாய் 28 காசு என்று சதவீதத்தில் தேடிக்கொண்டிருந்தேன். 2012 முதல் 2020 வரையிலான எல்லா ஆவணங்களும் சதவீதத்தைத்தான் கட்டுப்படுத்துகின்றன. 2017 அறிக்கை எம்.டி.ஆருக்கு வரம்பு வைத்தது. மாத வாடகைக்கு வைக்கவில்லை. சின்ன பில்கள் வரும் கடைக்கு உண்மையான செலவு இருப்பது அங்கேதான்.

இன்னும் ஒரு படி போவோம். "நோட்டு செல்லாதுன்னு சொன்ன அந்த வருஷம் ஒரு நாளைக்கு நாப்பது பில் போட்டிருக்கேன் தம்பி" என்றார். வாடகை அன்றும் இதே அளவு என்று வைத்துக்கொண்டால், மாதம் 1,200 பில். ஒரு பில்லுக்கு 39 காசு. யாரும் அட்டை எழுதித் தொங்கவிடத் தேவையில்லாத தொகை. பிறகு யு.பி.ஐ. வந்தது, வளர்ந்தது, இலவசமானது. எல்லோரும் அங்கே போய்விட்டார்கள். வாடகை அப்படியே இருக்க, அதைப் பங்கிட்டுக்கொள்ள மிச்சமிருப்பது ஸ்மார்ட்போன் இல்லாத நாலைந்து பேர். ஷேர் ஆட்டோவில் எட்டு பேர் ஏறினால் ஆளுக்குப் பத்து ரூபாய், ரெண்டே பேர் என்றால் ஆளுக்கு நாற்பது என்பது மாதிரி. இலவச யு.பி.ஐ.யின் செலவில் ஒரு பகுதி இப்படி எதிர் வீட்டு அம்மாவின் பில்லில் வந்து உட்கார்ந்துகொண்டது. யாரும் திட்டமிட்டுச் செய்ததில்லை. அதனாலேயே யாருக்கும் தெரியவும் இல்லை.

யு.பி.ஐ. உண்மையில் இலவசமா என்றால், அதுவும் இல்லை. சிறு வணிகர்களின் பரிவர்த்தனைகளை ஊக்குவிக்க மத்திய அரசு வங்கிகளுக்குப் பணம் கொடுக்கிறது. 2024-25-க்கு ஏறத்தாழ 1,500 கோடி ரூபாய்த் திட்டம் ஒன்றை 2025 மார்ச்சில் அமைச்சரவை அங்கீகரித்தது. சிறு கடைகளில் 2,000 ரூபாய் வரையிலான யு.பி.ஐ.க்கு 0.15 சதவீதம். வரிப் பணம்தான். எதிர் வீட்டு அம்மா சோப்புக்கும் பிஸ்கட்டுக்கும் கட்டும் ஜி.எஸ்.டி.யும் அதில் இருக்கிறது. மெஷினுக்கு உதவியே இல்லை என்று சொல்ல முடியாது. 2021-இல் ரிசர்வ் வங்கி ஒரு நிதியம் தொடங்கியது. சிறிய ஊர்களில் கருவி வைக்கும் செலவில் ஒரு பங்கை அது வங்கிகளுக்குத் திருப்பிக் கொடுத்தது. கருவியை வைப்பதற்கு உதவி. வைத்த பிறகு மாதாமாதம் அதை ஓட்டும் கடைக்காரரின் கணக்கு அந்தத் திட்டத்தின் கண்ணில் இல்லை.

கூடுதல் கட்டணத்துக்கு ஆதரவாகவும் ஒரு நல்ல வாதம் உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் இது விமர்சனம் ஆகாது. கார்டு செலவைக் கடைக்காரர் தனியாக வாங்காவிட்டால் எல்லார் விலையிலும் கலந்துவிடுவார். அப்போது காசு கொடுத்து வாங்கும் கூலித் தொழிலாளி, கிரெடிட் கார்டுக்காரரின் ரிவார்டு பாயிண்டுக்குச் சேர்த்துக் கட்டுகிறார். ஒப்பந்தத் தொழிலாளிகளும் கிரெடிட் கார்டுக்காரர்களும் ஒரே தெருவில் சாப்பிடும் எங்கள் ஊரில் இது வெறும் ஏட்டு வாதம் இல்லை. ஆஸ்திரேலியாவின் மத்திய வங்கி இந்தக் காரணத்தைச் சொல்லித்தான் 2003-இல் கடைகள் கூடுதல் கட்டணம் வாங்குவதை அனுமதித்தது. பிரிட்டன் எதிர்த்திசையில் போய் 2018 ஜனவரியில் அதைத் தடை செய்தது. அமெரிக்காவில் 2010 சட்டத்துக்குப் பிறகு, 10 டாலருக்குக் கீழே என்றால் கிரெடிட் கார்டு வாங்க மாட்டேன் என்று கடைக்காரர் சொல்லலாம். ஆஸ்திரேலியாவே 2025-இல் மனசு மாறி, தடை செய்துவிடலாம் என்ற யோசனையை முன்வைத்தது. காசு புழங்காத நாட்டில் "வேண்டுமென்றால் காசு கொடு" என்பது தேர்வே இல்லை என்ற நிலை வந்துவிட்டது அங்கே.

அந்த வாதம் ஓட்டலுக்கும் காய்கறிக் கடைக்கும் பொருந்தும். மருந்துக் கடைக்குப் பொருந்தாது. விலையில் கலக்க அவருக்கு வழியில்லை. விலை பட்டையில் அச்சடித்திருக்கிறது. கட்டுப்பாட்டில் உள்ள மருந்துகளுக்குச் சில்லறைக் கடையின் லாபம் 16 சதவீதம் என்று அதே ஆணையின் சூத்திரத்தில் இருக்கிறது. வாடகை, ஆள் சம்பளம், கரண்ட், மெஷின் எல்லாம் அதற்குள்தான். மேலே ஏற்ற முடியாது, பக்கத்தில் வாங்கக் கூடாது, கீழே தாங்காது. அப்புறம் மெஷினைத் திருப்பிக் கொடுப்பதைத் தவிர அவர் என்ன செய்வார்?

இது புதுப் பிரச்சனையும் இல்லை. கம்பெனி காலத்துச் சென்னையில் 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன் என்பது ஏட்டுக் கணக்கு. கடைவீதியில் மாற்றப் போனால் சராப்பு தன் பங்கைப் பிடித்துக்கொண்டுதான் கொடுப்பார். அதற்குத் தமிழில் "வட்டம்" என்று பெயர். பழைய அகராதிகளில் இந்தப் பொருள் இருக்கிறது. சில்லறையாகப் புழங்குகிறவர்கள்தான் அதிகம் வட்டம் கொடுத்தார்கள். மொத்தமாக வராகனில் புழங்கியவர்களுக்கு அந்தத் தொல்லை குறைவு. வேதாசலம் என்ற தன் பெயரை மறைமலை என்று மாற்றிக்கொண்டவரின் பெயரைத் தாங்கிய ஊரில் இருந்துகொண்டு, "எக்ஸ்ட்ரா", "சார்ஜ்" என்றே இவ்வளவு நேரம் எழுதிக்கொண்டிருக்கிறேன். நம்மிடம் வட்டம் என்ற நல்ல சொல் சும்மா கிடக்கிறது.

இனி என் முடிவு. முன்பு நான் நினைத்தது: கூடுதல் கட்டணம் தப்பு, சுற்றறிக்கை சரி, கடைக்காரர் திருத்த வேண்டும். இப்போது நினைப்பது வேறு. டெபிட் கார்டுக்கு வாடிக்கையாளரிடம் எதுவும் வாங்கக் கூடாது என்ற விதி சரியானதுதான். அதை வைத்தவர்கள் பாதிச் செலவை மட்டும் பார்த்தார்கள். சிறு கடைகளுக்கு மெஷின் வாடகைக்கும் வரம்பு வேண்டும். யு.பி.ஐ.க்குக் கொடுக்கும் ஊக்கத்தொகையில் ஒரு பகுதியை மாதம் நூறு, நூற்றைம்பது பில் மட்டும் போடும் மெஷின்களுக்குத் திருப்பலாம். ரூபே கார்டு பரிவர்த்தனைக்குக் கட்டணம் கூடாது என்று சொல்லும் சட்டத்தில் "மறைமுகமாக" என்ற சொல் இருக்கிறதே, ரூபே கார்டு மட்டுமே தேய்க்கப்படும் மெஷினின் வாடகை மறைமுகக் கட்டணமா இல்லையா? 2020 ஆகஸ்டில் வருமான வரித் துறை யு.பி.ஐ.க்கு வங்கிகள் பிடித்த கட்டணங்களை இதே பிரிவைக் காட்டித்தான் திருப்பிக் கொடுக்கச் சொன்னது. வாடகையைப் பற்றியும் யாராவது கேட்க வேண்டும். கிரெடிட் கார்டுக்கு ஆகும் உண்மைச் செலவை மட்டும் தனியாக வாங்கக் கடைக்காரரை வெளிப்படையாக அனுமதித்துவிடலாம் என்பதும் என் எண்ணம். ரிவார்டு பாயிண்ட் வாங்குகிறவர் அதன் விலையையும் கட்டட்டும்.

உங்கள் ஊரில் இப்படி ஒரு அட்டையைப் பார்த்தால் கொடுத்துவிட்டு வாருங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. நகைக் கடையில் லட்ச ரூபாய்க்கு டெபிட் கார்டைத் தேய்த்து 2 சதவீதம் கேட்டால் கட்டாயம் கேள்வி கேளுங்கள்; அங்கே எம்.டி.ஆருக்கே 1,000 ரூபாய் உச்சவரம்பு உண்டு, 2,000 ரூபாய் கேட்க வழியே இல்லை. சிலிப்பை வாங்கி, தலையில் உள்ள வங்கிப் பெயரைப் பார்த்து, அந்த வங்கிக்கு எழுதுங்கள். பட்டையில் போட்ட விலைக்கு மேல் வாங்கினால் தொழிலாளர் துறையின் எடையளவுப் பிரிவு இருக்கிறது, 1915 என்ற நுகர்வோர் உதவி எண் இருக்கிறது.

தெருக்கோடிக் கடை என்றால், சுற்றறிக்கையை நீட்டும்முன் ரெண்டு கேள்வி கேட்டுவிடுங்கள். மெஷினுக்கு மாதம் எவ்வளவு? ஒரு நாளைக்கு எத்தனை பில்? நான் கேட்காமல் போன கேள்விகள் இவை.

போன வாரம் கடைக்காரரிடம் பேசினேன். வாடகை குறைவான மெஷின் ஒன்று இருப்பதாக ஒருவர் வந்து சொல்லிவிட்டுப் போனாராம். "பாக்கலாம் தம்பி" என்றார். எதிர் வீட்டு அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. மெஷின் வந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம்.